மேசைவாள் உறுமிய கதை

இரவு பதினொன்றரை மணிக்குக் குசினித் தரையைக் கழுவித் தள்ளிவிட்டு வீடு வருகிறவர்கள் நாங்கள். மரவேலை செய்வதென்றால் எங்களுக்கு வாய்ப்பது திங்கட்கிழமை ஒன்றுதான். றெஸ்ரோறன்ற் அன்று பூட்டு. அப்படியொரு திங்கட்கிழமை, ஜேர்மனியில் ரூர் பிரதேசத்து நகரொன்றில், நாங்கள் குடியிருக்கும் வீட்டின் நிலவறையில், நாற்பது யூறோவுக்கு வாங்கிய பழைய மேசைவாளொன்றின் ஆளியை அழுத்தினோம். ஓடவில்லை என்று சொல்ல முடியாது. முதலில் உறுமியது. பிறகு மேசை முழுவதும் தடதடவென்று நடுங்கியது. ஏழெட்டுச் செக்கன் கழித்துத்தான், மனமில்லாமல் சம்மதிப்பதுபோல், வேகம் பிடித்தது. வேகம் பிடித்தபின் நல்ல பிள்ளை.

மேசைவாள் என்று நாங்கள் சொல்வது, இரும்பு மேசையின் நடுவே வட்டமான பல்வாள் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்குமே, அந்த இயந்திரத்தை. மரக்காலைகளில் பார்த்திருப்பீர்கள். எங்களுக்கு அது தேவைப்பட்டது புத்தகத் தட்டுகள் செய்வதற்கு. எண்பதுகளில் இங்கு வந்து சேர்ந்த மூத்த நண்பரொருவர் போன வருடம் காலமானார். முப்பது வருடமாக அவர் சேர்த்த சிறுசஞ்சிகைகளும் புத்தகங்களும் முப்பத்தாறு பெட்டிகளில் எங்கள் நிலவறைக்கு வந்தன. கறுவல் வாழைப்பழப் பெட்டிகள், ஈரச் சீமெந்துத் தரை. மாரி தொடங்கினால் அடிப்பெட்டிகள் கூழாகிவிடும். நூலகம் என்ற சொல்லை நாங்கள் பாவிக்கவில்லை. அந்தச் சொல்லை எடுக்க எங்களுக்கு ஒரு தயக்கம் உண்டு. புத்தகம் வைக்கிற இடம் என்றே சொல்லிக்கொண்டோம்.

இரண்டாவது திங்கட்கிழமை உறுமல் மட்டும்தான் வந்தது. வாள் அசையவில்லை. எங்களில் ஒருவர் கொழும்பு லொட்ஜ்களில் மாதக்கணக்காகக் கிடந்தவர். அங்கே தலைக்கு மேலே மின்விசிறி இப்படித்தான் முனகிக்கொண்டு நிற்கும். தும்புத்தடியால் ஒரு தட்டுத் தட்டினால் ஓடத் தொடங்கும். அந்தப் பழக்கத்தில் அவர், "மச்சான், ஒரு தள்ளுத் தள்ளினால் ஓடும்" என்று வாளின் பக்கம் கையைக் கொண்டுபோனார். ஆளி போட்டபடியே இருந்தது.

படியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. "கையை எடு!"

மேல்வீட்டுக் கிழவர். எண்பத்தைந்தைத் தாண்டியவர். மதியம் ஒரு மணியிலிருந்து மூன்று மணிவரை இந்த வீட்டில் இரைச்சல் கூடாது என்ற விதியைச் சொல்லிச் சண்டைபிடிக்கத்தான் இறங்கி வந்திருந்தார். ஐந்து வருடமாக எங்களுக்கு வணக்கம் சொல்லாதவர். ஆயினும் நிலக்கரிச் சுரங்கத்தில் நாற்பது வருடம் மின்வேலை பார்த்தவருக்கு அந்த உறுமலை விட்டுவிட்டுத் திரும்பிப் போக முடியவில்லை. ஆளியை நிறுத்தச் சொல்லி, செருகியைத் தானே பிடுங்கி எங்களில் ஒருவரின் சட்டைப்பைக்குள் வைத்தார். பிறகுதான் கேட்டார், "எத்தனை சத்தம் கேட்டீர்கள்?"

ஒரு சத்தம் என்றோம். மூன்று என்றார்.

அந்த மூன்றையும் சொல்லுமுன் வாளைப்பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அன்று தொடங்கிய தேடலில் நாங்கள் அறிந்துகொண்டவை இவை.

மரம் அரிவது என்பது உலகெங்கும் நெடுங்காலம் இரண்டு ஆட்களின் வேலை. குழியின் மேல் மரத்தைக் கிடத்தி, ஒருவர் மேலே, ஒருவர் கீழே. மேலே நிற்பவர் கோட்டைப் பார்ப்பார். கீழே நிற்பவரின் கண்ணிலும் வாயிலும் தூள் கொட்டும். எங்கள் ஊர்களிலும் இதைக் கண்ட கிழவர்கள் இருந்தார்கள். வாள் முன்னும் பின்னும் போவதில் பாதி நேரம் வீண், திரும்பும்போது அது எதையும் அரிவதில்லை. வாளை வட்டமாக்கிச் சுழலவிட்டால் அந்த வீண் இல்லை. இந்த யோசனை யாருக்கு முதலில் வந்தது என்பதில் தகராறு இருக்கிறது. 1777இல் சவுதாம்ரனைச் சேர்ந்த சாமுவேல் மில்லர் பெற்ற காப்புரிமையில் வட்டவாள் வருகிறது. அதே ஊரில் கடற்படைக்குக் கப்பி செய்துகொடுத்த வால்ரர் ரெய்லரும் அந்தக் காலத்திலேயே வட்டவாள் பாவித்தவர். அமெரிக்காவிலோ 1813இல் தபித்தா பாபிற் என்ற ஷேக்கர் சமயப் பெண், ஆண்கள் அரிவதைப் பார்த்து, தன் நூற்கும் சில்லில் தகடு பூட்டிக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை. நல்ல கதை, ஆனால் இங்கிலாந்துக் காப்புரிமைக்கு 36 வருடம் பிந்தியது.

வட்டவாள் ஒரு பெரிய தொழிலின் அங்கமாகிய இடம் போட்ஸ்மத் கடற்படைத் துறைமுகம். அதைச் செய்தவர் மார்க் இசம்பார்ட் புறூனல். பாலங்களும் கப்பல்களும் கட்டிப் புகழ்பெற்றவர் மகன், இவர் தகப்பன். நோர்மண்டியில் 1769இல் பிறந்த பிரெஞ்சுக்காரர். பிரெஞ்சுக் கடற்படையில் இருந்தவர், அரசனின் பக்கம் நின்றவர். 1793இல் தலை தப்பினால் போதுமென்று நியூயோர்க்குக்கு ஓடினார். 1799இல் இங்கிலாந்துக்கு வந்தார். ஒரு போர்க்கப்பலுக்கு ஏறக்குறைய ஆயிரம் மரக்கப்பிகள் வேண்டும், அத்தனையும் கையால் செய்யப்படுகின்றன என்பது அவருக்குத் தெரியும். தன் இயந்திரத் திட்டத்தை முதலில் ரெய்லர் குடும்பத்திடமே கொண்டுபோனார். எங்களிடம் இருப்பதே போதும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறகு கடற்படை ஏற்றுக்கொண்டது. ஹென்றி மோட்ஸ்லி இயந்திரங்களை இரும்பில் வடித்துக் கொடுக்க, 1808 அளவில் வருடத்துக்கு 130,000 கப்பிகள் அங்கே செய்யப்பட்டன. முன்பு 110 தேர்ந்த தொழிலாளர் செய்த வேலையைப் பயிற்சியில்லாத 10 பேர் செய்தார்கள். அந்த நூற்றுப்பத்துப் பேரின் பெயர்களை எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. புறூனல் பின்னர், 1821இல், கடனுக்காகச் சில மாதங்கள் சிறையிலும் இருந்தார்.

போட்ஸ்மத் வாள்கள் நீராவியில் ஓடியவை. ஒரு மண்டபத்துக்கு ஒரு பெரிய இயந்திரம். கூரையோரம் நீண்ட அச்சு. அதிலிருந்து ஒவ்வொரு வாளுக்கும் தோல் வார். அந்த முறை இருந்தவரை வாள் நிலவறைக்கு வந்திருக்க முடியாது. அதை எங்கள் வீடுவரை கொண்டுவந்தது மின்மோட்டர்.

இனிக் கிழவரின் மூன்று சத்தங்கள்.

முதலாவது, தொடங்கும்போதும் நிற்கும்போதும் மட்டும் கேட்கும் கிலுகிலுப்பு. இரும்போடு இரும்பு மோதும் சத்தம் அது என்றார். பின்மூடியைக் கழற்றி மோட்டரின் கப்பியைப் பிடித்து ஆட்டச் சொன்னார். ஆடியது. அச்சோடு அதை இறுக்கிப் பிடிக்கும் சிறு திருகாணி தளர்ந்திருந்தது. ஒரு நிமிட வேலை.

இரண்டாவது, தட், தட் என்று சீராக அடித்து, வேகம் கூடக் கூடக் கரைந்துபோகும் சத்தம். அது வாரின் குற்றம். வருடக்கணக்காக ஓடாமல் ஒரே நிலையில் இறுகிக் கிடந்த வார், கப்பியில் வளைந்திருந்த இடத்தில் அந்த வளைவோடேயே விறைத்துவிடும். ஓடும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த வளைவு வந்து உதைக்கும். கழற்றிக் கையில் எடுத்தபோது வட்டமாக அல்ல, அவரைக்காய்போல் நின்றது. மாற்றுங்கள் என்றார்.

வார் இல்லாமல் வாளைக் கையால் சுற்றச் சொன்னார், ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு. கரகரப்பு இல்லை, ஆகவே பெயாரிங்கில் பிழையில்லை. மோட்டரின் அச்சும் விரலுக்கு இலேசாகச் சுழன்றது. இப்போது செருகியைக் கேட்டு வாங்கி, மோட்டரைத் தனியே ஓடவிட்டார். பாரம் ஒன்றுமில்லை. அப்போதும் உறுமல், அசைவில்லை. இரண்டு செக்கனுக்குள் நிறுத்திவிட்டார். அதற்குமேல் விட்டால் சுருள் எரிந்துபோகுமாம். மூன்றாவது சத்தம் அதுதான். வாளும் வாரும் விலக்கிவைக்கப்பட்ட பின்னும் நிற்கிற சத்தம் மோட்டருக்குச் சொந்தமானது.

எங்களில் ஒருவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் இரண்டாம் வருடத்தோடு விட்டுவந்தவர். ஆடலோட்டம், அவத்தை, கொள்ளளவி என்ற சொற்களெல்லாம் அவருக்குப் பாடம். ஆனால் அவற்றைச் சத்தமாகக் கேட்டதில்லை. 1990இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றபோது நாங்கள் கைக்குழந்தைகள். ஜாம் போத்தல் விளக்கில் எழுத்துப் பழகியவர்கள். தண்ணீர் இறைக்கும் மோட்டர் மின்சாரத்தில் ஓடுவதை முதலில் பார்த்தபோது எங்களுக்கு எட்டு வயதோ ஒன்பது வயதோ.

அந்த உறுமலுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. இங்கே சுவரில் வரும் மின்னோட்டம் செக்கனுக்கு 50 தடவை முன்னும் பின்னும் ஆடுகிறது. ஒவ்வொரு ஆட்டத்திலும் காந்தம் இரண்டு தடவை இழுக்கிறது. ஆகவே செக்கனுக்கு 100 இழுப்பு. இரும்பு அதிர்ந்து அதைத்தான் முனகுகிறது. இழுப்பு இருக்கிறது, சுழற்சி இல்லை. திரிகையை நினைத்துப் பாருங்கள். பிடியை ஒரே நேர்கோட்டில் முன்னும் பின்னும் தள்ளினால் கல் சுற்றாது. பக்கவாட்டிலும் ஒரு தள்ளு வேண்டும், அதுவும் நேரம் பிசகி அல்ல, சரியாகக் கால்சுற்றுத் தள்ளி. நேரம் தள்ளிவரும் அந்த இன்னொரு தள்ளுக்குத்தான் வேறொரு அவத்தை என்று பெயர். அது இல்லாவிட்டால் மோட்டர் உறுமிக்கொண்டு நிற்கும். கையால் சுற்றிவிட்டால், சுற்றிவிட்ட பக்கத்துக்கே ஓடும். மின்விசிறிக்குத் தும்புத்தடி செய்தது அதைத்தான். வாளுக்குக் கை கொடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எழுத விருப்பமில்லை. பத்து விரலையும் வைத்துத்தான் எங்கள் பிழைப்பு.

நேரம் பிசகிய தள்ளுகளால் ஒரு காந்தப்புலத்தைச் சுழலவைக்கலாம் என்று காட்டியவர்களில் இத்தாலியின் கலிலியோ பெராரிஸ் ஒருவர், நிக்கோலா ரெஸ்லா இன்னொருவர். இருவரும் 1888இல் அதை வெளியிட்டார்கள். ரெஸ்லா ஆஸ்திரியாவில் கிராஸ் நகரத்துத் தொழில்நுட்பக் கல்லூரியைப் பட்டமில்லாமல் விட்டவர். 1884இல் நியூயோர்க்கில் இறங்கினார். முதல் கம்பனி கைவிட்டபோது நாளுக்கு இரண்டு டொலர் கூலிக்குக் குழி வெட்டியதாக அவரே சொல்லியிருக்கிறார். அவருடைய மோட்டருக்கு இரண்டு அவத்தை.

மூன்று அவத்தையாக்கி, இன்று உலகத்துத் தொழிற்சாலைகளெல்லாம் ஓடும் மோட்டரின் வடிவத்தைத் தந்தவர் மிகையில் டொலிவோ டொப்ரோவொல்ஸ்கி. 1862இல் ரஷ்யாவில் பிறந்தவர். றீகா தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, 1881இல் சார் மன்னன் இரண்டாம் அலெக்சாந்தர் கொல்லப்பட்டான். தொடர்ந்து வந்த நெருக்கடியில் அரசியல் காரணம் காட்டிக் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார். ரஷ்யாவில் வேறெங்கும் படிக்க வழியில்லை. ஜேர்மனிக்கு வந்து டாம்ஸ்ரட்டில் படித்தார், பேர்லினில் வேலை எடுத்தார், 1889இல் மோட்டரைச் செய்தார். 1891 ஆவணியில் லவுபன் என்ற இடத்து நீர்மின் நிலையத்திலிருந்து 175 கிலோமீற்றர் தூரம் கம்பிவழி வந்த மூன்று அவத்தை மின்சாரம் பிராங்பேர்ட் கண்காட்சியில் ஆயிரம் விளக்குகளை எரியவைத்தது. அங்கே ஒரு செயற்கை நீர்வீழ்ச்சிக்குத் தண்ணீர் இறைத்ததும் அவருடைய மோட்டர்தான். சுழலும் மின்சாரம் என்று பொருள்படும் 'டிறேஸ்ட்றோம்' என்ற சொல்லை ஜேர்மன் மொழிக்குக் கொடுத்தவரும் அவரே. நாங்கள் இந்த மொழியைப் பேசும்போது பிழை பிடிக்கிறவர்கள் அந்தச் சொல்லை யார் செய்தார் என்று யோசிப்பதில்லை.

எங்கள் வாளின் மோட்டரும் மூன்று அவத்தை மோட்டர்தான். கிழவர் அதன் தகட்டை வாசித்துச் சொன்னார். அதற்கு ஐந்து முனைச் சிவப்புச் செருகி வேண்டும். நிலவறையில் இருப்பதோ சாதாரண ஒற்றை அவத்தை. முன்பு வைத்திருந்தவர் இணைப்பை மாற்றி, மூன்றாவது முனைக்கு ஒரு கொள்ளளவியைக் கட்டியிருந்தார். இல்லாத அவத்தைக்குப் பதிலாக, நேரத்தில் தள்ளிவரும் ஒரு தள்ளை அந்தக் கொள்ளளவி உண்டாக்கிக் கொடுக்கும். "ஸ்ரைன்மெற்ஸ் இணைப்பு" என்றார் கிழவர். சற்றுப் பொறுத்து, "எங்கள் ஊர்க்காரர்" என்றார்.

அவருடைய ஊர் பிரெஸ்லாவ். இன்று அது போலந்தின் விரொட்சுவாவ். 1946இல், எட்டு வயதில், தாயோடும் இரண்டு சகோதரிகளோடும் சாமான் ரயிலில் ஏற்றப்பட்டு இங்கே வந்தவர்.

ஸ்ரைன்மெற்ஸ் 1865இல் அந்த ஊரில் பிறந்தார். தகப்பனைப்போலவே கூன் முதுகு. நாலடிக்குச் சற்று மேல் உயரம். பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தார். சோசலிச மாணவர்களோடு சேர்ந்து ஒரு பத்திரிகையில் எழுதினார், அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் எடுத்தார். பிஸ்மார்க்கின் சோசலிச எதிர்ப்புச் சட்டம் 1878இலிருந்து இருந்தது. பொலிஸ் தேடத் தொடங்கியபோது, 1888இல், கலாநிதிப் பட்டத்தை வாங்காமலே சூரிச்சுக்கு ஓடினார். அந்தச் சட்டம் 1890இல் காலாவதியானது. எங்களுடைய அசூல் விசாரணைகளில் கேட்கிறார்களே, நிலைமை சீராகும்வரை நாட்டுக்குள்ளேயே வேறோர் இடத்தில் இருந்திருக்கலாமே என்று. அந்தக் கேள்வியை அவரிடமும் கேட்டிருக்கலாம்.

1889இல் நியூயோர்க்கில் இறங்கியபோது ஆங்கிலம் போதாது, கையில் காசில்லை, உடம்பைப் பார்த்த குடிவரவு அதிகாரிகள் திருப்பி அனுப்ப யோசித்தார்கள். கூட வந்த நண்பர், இவருக்கு நான் பொறுப்பு என்று சொன்னதால் உள்ளே விட்டார்கள். வேலை கொடுத்தவர் ருடோல்ப் ஐக்கமையர், தொப்பி செய்யும் இயந்திரங்களை ஆக்கும் தொழிற்சாலைக்காரர். அவர் 1848 கிளர்ச்சியின்பின் ஜேர்மனியை விட்டுவந்த தலைமுறை. அதற்குப் பிறகுதான், ஆடலோட்டத்தைச் சிக்கலெண்களால் கணக்கிடும் முறையை ஸ்ரைன்மெற்ஸ் 1893இல் முன்வைத்தார். எங்கள் பல்கலைக்கழகத்து நண்பர் இரண்டாம் வருடத்தில் பக்கம் பக்கமாகச் செய்த கணக்குகள் அவைதான். அப்போது அந்த முறையின் சொந்தக்காரன் பொலிசுக்குப் பயந்து படிப்பை விட்டு ஓடியவன் என்று யாரும் சொல்லித்தரவில்லை. ஒற்றை அவத்தை மோட்டரைப்பற்றியும் அவர் எழுதினார். இதற்கு ஏற்ற மலிவான கொள்ளளவிகள் பரவியது 1920களின் பிற்பகுதிக்குப் பிறகு; அவர் 1923இலேயே இறந்துவிட்டார்.

அகதியாகப் போனவர்களெல்லாம் மேதைகளாவார்கள் என்று இதைப் படித்து ஆறுதல்பட நாங்கள் தயாரில்லை. ஐக்கமையரின் தொழிற்சாலையில் எத்தனையோ ஜேர்மன் அகதிகள் வேலை செய்து, வேலை செய்தபடியே செத்திருப்பார்கள். எங்களைத் தைத்தது வேறு. துறைமுகத்தில் ஒருவன் பொறுப்பேற்றிராவிட்டால், அந்தக் கூனல் இளைஞன் அடுத்த கப்பலில் திரும்பியிருப்பான். எங்களுக்கும் அப்படி ஒருவர் இருந்தார். 2010இல் முகாமிலிருந்து எங்களை வெளியே எடுத்து, தன் விலாசத்தைக் கொடுத்து, முதலாளியிடம் கூட்டிப்போய் நிறுத்தியவர். அவருடைய பெட்டிகள்தான் நிலவறையில் இருந்தன.

இதில் கொஞ்சத்தைக் கிழவரிடம் சொன்னோம். நீங்களும் அகதியாக வந்தவர்தானே என்று எங்களில் ஒருவர் வாய்தவறிக் கேட்டுவிட்டார். கிழவரின் முகம் மாறியது. "இங்குள்ளவர்கள் எங்களைப் போலாக்கர் என்று ஏசினார்கள். படிக்கட்டில் துப்பினார்கள். ஆனால் நாங்கள் ஜேர்மனியர்" என்றார். நாங்கள் பேசாமல் இருந்தோம். அவரும் பேசவில்லை. மூடியின் அடுத்த திருகாணியைக் கழற்றினார்.

செருகி வெளியே இருந்தாலும் கொள்ளளவிக்குள் மின் தங்கியிருக்கலாம். ஒரு பழைய குமிழ் விளக்கின் வயர்முனைகளால் அதைத் தொட்டு இறக்கினார். பிறகு மேலே போய் மானியைக் கொண்டுவந்தார். நாற்பது படி, இரண்டு தடவை இளைப்பாறி. கொள்ளளவியின் உடம்பில் 80 மைக்ரோபராட் என்று எழுதியிருந்தது. மானி 34 காட்டியது. மோட்டர் 1.1 கிலோவாற்று. கிலோவாற்றுக்கு 70 மைக்ரோபராட் என்பது இங்குள்ளோர் வைத்திருக்கும் கணக்கு. ஆகவே 77, கடையில் கிடைப்பது 80. வருடங்கள் போக உள்ளே உலர்ந்து பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. பக்கவாட்டுத் தள்ளு இருக்கிறது, ஆனால் பலமில்லை. முதல் திங்கட்கிழமை உறுமி உறுமி ஓடியதும், அடுத்ததில் நின்றுவிட்டதும் அதனால்தான்.

புதியது பதினாறு யூறோ. வார் பதினொன்று. மூன்றாவது திங்கட்கிழமை, மூன்று மணி அடித்தபின், ஆளியை அழுத்தினோம். ஒரு சின்ன 'உம்', இரண்டு செக்கன், முழு வேகம். படியில் நின்றபடி கிழவர் கேட்டுக்கொண்டிருந்தார். இப்படிக் கட்டிய மோட்டருக்கு முழுப் பலம் வராது, முக்கால்வாசிக்கும் குறைவுதான். பைன் பலகை அரியலாம், ஓக் வேண்டாம், வாள் மரத்துக்குள் இறுகினால் பலகை திரும்பி வந்து வயிற்றில் அடிக்கும் என்று எச்சரித்தார். வாளுக்குப் பின்னால் நிற்கும் ஆப்புத் தகட்டை ஒருபோதும் கழற்றவேண்டாம் என்றும் சொன்னார்.

ஐந்து தட்டுகள் செய்தோம். அடித்தட்டைத் தரையிலிருந்து இருபது சென்ரிமீற்றர் உயர்த்தி வைத்தோம். முப்பத்தாறு பெட்டிகளில் இரண்டு ஏற்கெனவே ஈரம் குடித்துவிட்டன. தொண்ணூறுகளின் தட்டச்சுப் பிரதிகள் பல ஒன்றோடொன்று ஒட்டிப்போய்க் கிடந்தன. குசினியிலிருந்து மெழுகுத்தாள் கொண்டுவந்து, ஒவ்வொரு தாளாக இடைவைத்துப் பிரித்துக்கொண்டிருக்கிறோம்.

போன கிழமை கிழவர் கதவைத் தட்டினார். கையில் ஒரு துண்டுக் கடதாசி. அதில் 62 க்கு 28 என்று எழுதியிருந்தது. யன்னலோரம் வைக்க ஒரு பலகை வேண்டுமாம். திங்கட்கிழமை, மூன்று மணிக்குப் பிறகு என்றோம். தனக்குத் தெரியும் என்றார்.